ஆறாவது கியருக்கு ஒரு ரோட்டு வேண்டும்

இன்று என் குரூசர் பைக்குக்கு ஆறு கியர் பெட்டி பூட்டியாயிற்று. சந்தோசத்தில் பகல் சோறுகூட இறங்கவில்லை.

காலையில் கடுகண்ணாவை ஊர் மெக்கானிக் ரிஸ்வான் நானா இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்றில் ஐந்து கியர், மற்றதில் ஆறு.

"எங்க ஓடுறீங்க?"

"மடுல்கெல்லயிலருந்து கண்டிக்குத்தான் நானா."

"அந்த மலை ரோட்டு வளைவுல அஞ்சாவது எப்ப போட்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். வீட்டு வாசலில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துப் போட்டதுதான்.

"அப்ப ஆறு எதுக்கு?"

"உள்ளுக்கு இருக்குன்னு தெரிஞ்சாலே போதும் நானா."

சிரிப்பார் என்று நினைத்தேன். மனிதர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எண்ட பைக்லயும் ஆறுதான் ஈக்கி. இன்னும் போட எடம் கெடைக்கல்ல. ஊட்டுப் பக்கம் சொல்லிராதீங்க."

அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஆறையே பூட்டச் சொன்னேன்.

மாலையில் வீடு வரும்வரை மூன்றாவதைத் தாண்டவில்லை. "ஆறாவது எப்படிங்க?" என்றாள் மனைவி.

"பத்திரமா இருக்கு."

கண்டிப் பக்கம் வளைவும் பஸ்ஸும் மாடும் இல்லாத நேர் ரோட்டு தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். இரண்டு பைக் வரும். நானா வீட்டார் மட்டும் இதைப் படிக்காமல் கடந்து போகவும்.