நைட் பார்த்தவர் வீட்டுக் கதவு

செல்வி அக்கா இருந்தார். எதிர்க்கடை காதர் பாய் இருந்தார். நான் இருந்தேன். பதினேழு மட்டும் இல்லை.

பதினேழு என்பது ஓர் ஆள். நெய்வேலி மெயின் பஜாரில் அப்போதெல்லாம் முக்கால்வாசிப் பேருக்குப் பெயர் கிடையாது. குடியிருக்கிற பிளாக்தான் பெயர். "பன்னெண்டுக்கு சக்கர கம்மி", "இருபத்தொண்ணு சில்லற குடுத்தாரா?" என்றுதான் செல்வி அக்காவின் டீக்கடையில் பேச்சு ஓடும். சேலம், மதுரை, திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கூடின இடம். ஊரையும் உறவையும் விசாரித்துப் பழகுவதைவிட எண் சுலபம் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

போன ஞாயிற்றுக்கிழமை, ஓசூரில், என்னோடு வீடெடுத்துத் தங்கியிருக்கும் நண்பனின் அறைக் கதவை உதைத்தேன். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவன், மத்தியானம் தாண்டியும் வெளியே வரவில்லை. முதலில் தட்டினேன், பிறகு உதைத்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "பைத்தியமாடா உனக்கு?" என்றான். ஒருவன் உயிரோடு நின்று நம்மைத் திட்டுவது எவ்வளவு நிம்மதி என்று அவனுக்கு விளக்கத் தெரியவில்லை. உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

டிப்ளமோ முடித்த கையோடு பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். ஆகவே அம்மா அந்தக் கடையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வாள். நானும் திருத்தவில்லை. சட்டையை இன் பண்ணிக்கொண்டு போய் நாள் முழுக்க அடுத்தவர்களின் ரேஷன் கார்டை நகலெடுப்பேன். சூடான காகித வாசனை விரலிலேயே இருக்கும். வெளியே வந்தால் தள்ளுவண்டியில் அறுத்து வைத்த பண்ருட்டிப் பலாவின் வாசனை. அதைத் தாண்டினால் காதர் பாய் கடையில் புதுத்துணிக் கஞ்சி. மைன்ஸ்காரர்களின் காக்கி பேன்ட்டெல்லாம் அவர் கையால் தைத்ததுதான்.

இந்த மூன்று வாசனைக்கும் நடுவில்தான் பதினேழு உட்கார்ந்திருப்பார். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவர். அந்தச் சத்தத்திலேயே வருஷக்கணக்காகப் பேசிப் பழகி, சும்மா பேசினாலே தெருமுனை வரை கேட்கும்.

"ஏலே ஆபீசரு, இன்னைக்கு எத்தன ஃபைலு பாத்த?"

இது எனக்கு. அடுத்தது பாய்க்கு. "என்னவே பாய், இந்தப் பேன்ட்டுல நானும் என் பொஞ்சாதியும் சேந்து போலாம் போலிருக்கே!"

"நீங்க மாசாமாசம் குறுக்க வளந்துக்கினே போனா நான் இன்னாங்க பண்றது?" என்பார் பாய், வாயில் குண்டூசியைக் கடித்தபடி.

பதினேழு டே ஷிப்ட் பார்க்கிற வாரம் பஜார் சாயங்காலத்தில் கலகலவென்று இருக்கும். ஷிப்ட் மாறினால் ஆளைக் காணாது. அடுத்தடுத்த வாரத்தில் திரும்ப வருவார். எல்லாரும் அப்படித்தான். ஒருவர் இல்லையென்றால் அங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஷிப்ட் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நைட் பார்த்துவிட்டு வந்தவர் வீட்டுக் கதவைப் பகலில் தட்டக் கூடாது. யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஜன்னலில் பழைய போர்வை தொங்கினால் கீரைக்காரம்மா அந்தத் தெருவில் குரலை இறக்கிக்கொள்வார். கேஸ் சிலிண்டரை உருட்டாமல் தூக்கி வைப்பார்கள். அந்த வீட்டுத் தோட்டத்தில் விழுந்த கிரிக்கெட் பந்து, ஐயா எழுந்திருக்கும்வரை அங்கேயே கிடக்கும். டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்து போன எனக்கு இதெல்லாம் பெரிய ஆச்சரியம். எங்கள் தெருவில் நைட் பார்த்து வந்த அப்பாவின் தலைமாட்டில்தான் மிக்சி ஓடும். எதிர்வீட்டுக்காரர் வந்து உலுக்கி எழுப்பிப் பீடி கேட்பார். "பர்மனென்ட் ஆளுங்களுக்குத் தூக்கமும் பர்மனென்ட்டுடா. நம்மளுது காண்ட்ராக்ட்டு" என்பார் அப்பா.

அன்றைக்குப் பதினேழு வரவில்லை. "நைட்டு மாறிட்டாரு போல" என்றார் செல்வி அக்கா. அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்காகத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். வீட்டில் அவர் ஒண்டி ஆள், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாரோ என்று அக்காவுக்குக் கவலை. போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. "தூங்கட்டும், பாவம்" என்று வைத்துவிட்டார். பதினேழின் மனைவியும் ஊரிலிருந்து போன் அடித்திருக்கிறார், அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார். அது பிறகு தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் பாய் தைத்த பேன்ட்டை எடுத்துக்கொண்டு பதினேழாம் பிளாக்குக்கே போனார். வந்ததும் சிரித்தார்.

"ஜன்னல்ல போர்வ தொங்குது. கிட்டப் போயி காதக் குடுத்துப் பாத்தேன். அப்பாடி, இன்னா கொறட்ட! அவங்க மைன்ஸ் பெல்ட்டு தோத்துடும். எழுப்ப மனசு வரல. அப்பிடியே பூன மாதிரி வந்துட்டேன்."

நாங்களும் சிரித்தோம்.

சாயங்காலம் ஒரு பையன் தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு டீக்கு வந்தான். பதினேழோடு வேலை பார்க்கிறவன். "மாமா ஊர்லேர்ந்து வந்துட்டாராக்கா? பேரனா பேத்தியா?" என்றான்.

"எந்த ஊரு? அவுரு நைட்டு பாத்துக்கினு இருக்காரு."

"நைட்டா? எங்க க்ரூப்புக்கு இந்த வாரம் ஃபுல்லா டே ஷிப்ட்டுக்கா. ரெண்டு நாளா டூட்டிக்கே வரல. புள்ளயப் பாக்க ஊருக்குப் போயிட்டாருன்னுல்ல நாங்க நெனச்சோம்!"

செல்வி அக்கா ஆற்றிக்கொண்டிருந்த டீ குவளையில் விழாமல் கையில் விழுந்தது. சூடு உறைத்ததாகவே தெரியவில்லை. பாய் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? ரத்தம் இறங்கிப் போவது என்று எழுதுவார்களே, அதை நான் நேரில் பார்த்தது அன்றுதான். "அப்ப அந்தக் கொறட்ட..." என்றார். முடிக்கவில்லை.

பாய், அந்தப் பையன், நான், மூன்று பேர் ஒரே வண்டியில் போனோம். போன நைட் ஷிப்ட்டுக்கு மாட்டிய போர்வை கழற்றாமல் அப்படியே தொங்கியது. உள்ளே அந்தச் சத்தம் இருந்தது. பாய் மத்தியானம் கேட்டதைவிடச் சன்னமாக, நடுநடுவே நின்று நின்று. பாய்தான் முதலில் தோளால் இடித்தார். ஐந்தடி உடம்பு அது. மூன்று பேரும் சேர்ந்து மோதியதும் தாழ்ப்பாளோடு நிலையும் பிளந்து கதவு உள்பக்கம் சாய்ந்தது. பதினேழு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். ஒரு கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணி, அதன் வழியாகத்தான் அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில், பேர் என்ன என்று கேட்டார்கள். நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனையோ சாயங்காலம் கூடவே டீ குடித்திருக்கிறோம். அந்தப் பையன்தான் பெயர் சொன்னான்.

மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, பக்கவாதத்தில் நினைவு போனவர்களுக்கு மூச்சு இப்படித்தான் இழுக்கும், அது குறட்டை இல்லை என்று டாக்டர் சொன்னார். "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். விடியும்போது பதினேழின் மூச்சு நின்றுவிட்டது. அவர் மனைவி வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு.

"நான் காது குடுத்துக் கேட்டேன். நின்னு கேட்டுட்டு வந்தேன்" என்று பாய் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார், துணி அளக்க வருகிறவர்களிடம்கூட. பிறகு மெஷினை ஏற்றிக்கொண்டு பண்ருட்டிக்கே போய்விட்டார். செல்வி அக்காவின் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் தொங்குகிறது. போன பொங்கலுக்குப் போனபோது, பஜாரில் எண் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு குரலும் கேட்கவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஜன்னல்களில் ஏ.சி. வந்துவிட்டது. உள்ளே யார் எப்படி மூச்சு விட்டாலும் வெளியே கேட்காது.

பாய் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால், பதினேழின் மனைவி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது நானும் பாயும் சாமான் ஏற்றப் போயிருந்தோம். வீட்டைக் கம்பெனியிடம் திரும்ப ஒப்படைக்கும்போது உடைந்ததற்கு ஈடு கட்டவேண்டும். அங்கே எல்லாருக்கும் உள்ள விதிதான். அந்தம்மா கைப்பையைத் திறந்தார். வேண்டாம் என்று பாய் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். செல்வி அக்கா, அந்தப் பையன், பாய், நான், நான்கு பேரும் போட்டுக் கட்டினோம். ஒரு கதவு, ஒரு நிலை, ஒரு தாழ்ப்பாள்: ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.