ஆலை எரிந்ததற்கு ஆறு காரணங்கள்

பரிமாற்ற மாணவி என்றால் ஏதோ பண்டமாற்றுச் சரக்கு மாதிரிதான் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து ஒரு பெண் எங்கள் ஊருக்குப் படிக்க வந்தாள். அவளுக்குப் பதிலாக நான் அங்கே போய் இறங்கினேன். அவள் பாடு எப்படியோ தெரியாது, எனக்கு வாய்த்தவர் அத்தை.

முதல் நாள் பேருந்து நிலையத்தில் நான் "மேடம்" என்றதும் முகத்தைச் சுளித்தார். "மேடத்தைப் பாக்கணும்னா ஆபீசுக்குப் போ. நான் துணி தேய்க்கிறவ. அத்தைன்னு கூப்பிடு" என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அறுபதை நெருங்கியவர் நடக்கிற நடையா அது? நான்தான் பின்னால் ஓடினேன்.

அத்தை ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில், சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். ஈரமான படுக்கை விரிப்புகள் சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் தகடுபோல வரும். அதை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நெருங்கி வந்து, கைக்குக் கை மாற்றி, மறுபடி விலகி, நாள் முழுக்க இதே வேலை. அத்தைக்கு எதிரே நிற்பவரை எல்லோரும் ஜோடியம்மா என்றே கூப்பிட்டார்கள். இருவரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஜோடியம்மா வாயைத் திறப்பது அபூர்வம். அத்தை இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார் என்பதால் யாருக்கும் குறை தெரியவில்லை.

அத்தையிடம் ஒளிவுமறைவு கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கணவர் இன்னொருத்தியோடு போன கதையை மளிகைக் கடையில் நின்றுகொண்டே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். "போறப்போ நல்ல குடையையும் எடுத்துட்டுப் போயிட்டான், அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்" என்பார். வீட்டில் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. குளிக்கப் போனால் உள்ளேயிருந்து கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுக்க வேண்டும். கேட்டால், "என் வீட்ல என்ன இருக்கு திருடிட்டுப் போக?" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

பின்பக்க அறை என்னுடையது. வருஷத்துக்கு ஒரு பெண் என்று எனக்கு முன் பலர் அங்கே தங்கிப் போயிருந்தார்கள். அவர்கள் பெயரையெல்லாம் அத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். யாருக்கு எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை வரும் என்பதுவரை தெரியும். ஒரு பெண் போய் அடுத்தவள் வரும்வரை இடையில் கொஞ்ச நாள் அறை காலியாகக் கிடக்கும். அந்த நாட்களில் அத்தை கேட்டு வாங்கிக் கூடுதல் வேலை பார்ப்பாராம். இதை ஜோடியம்மா சொன்னார். அவர் சொன்னால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

பள்ளியில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. வருஷக் கடைசியில் ஊரின் வரலாற்றில் நடந்த ஒன்றை அட்டையில் மாதிரி வடிவமாகச் செய்து, அது நடந்த காரணத்தை எழுதிக் கண்காட்சியில் வைக்க வேண்டும். அந்த ஊருக்கு வரலாறு என்றால் நூல் ஆலைதான். அத்தை சிறுமியாக இருந்தபோது அது எரிந்து, உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் வெளியே வரவில்லை. இப்போது எங்கள் தெருக்கோடியில் ஒரு புகைபோக்கியும் ஒரு சுவரும் மிச்சம். பையன்கள் அந்தச் சுவரில் பந்து அடித்துக்கொண்டிருப்பார்கள்.

"எப்படி எரிஞ்சுது அத்தை?"

"இடி விழுந்துச்சு. பசையை நல்லா தடவு, பிச்சுக்கும்."

மளிகைக் கடைக்காரரைக் கேட்டேன். "உங்க அத்தை என்ன சொன்னாங்க?" என்றார். இடி என்றேன். "அப்போ இடிதான்" என்று பொட்டலம் கட்டப் போய்விட்டார். முடிவெட்டுபவரும் முதலில், அத்தை என்ன சொன்னார் என்றுதான் கேட்டார். இந்த ஊரில் எவ்வளவு ஒற்றுமை என்று வியந்துகொண்டே அட்டையை வெட்டினேன். நான் ஆலையின் வாசலுக்கு இரண்டு கதவு வெட்டி ஒட்டியிருந்தேன். அத்தை அதைப் பிய்த்துப் போட்டார். "திறந்தே இருக்கட்டும். பாக்க லட்சணமா இருக்கும்."

அந்த வருஷம் பழைய வரலாற்று ஆசிரியர் ஓய்வு பெற்று, வெளியூரிலிருந்து புதியவர் வந்திருந்தார். சுறுசுறுப்புக்குப் பஞ்சமில்லாதவர். பள்ளிப் பரணைச் சுத்தம் செய்யப் போய், எனக்கு முன் அத்தை வீட்டில் தங்கிய பெண்கள் செய்த ஆலைகளைக் கண்டுபிடித்து, தூசி தட்டி, என்னுடையதோடு ஒரே மேசையில் வரிசையாக வைத்துவிட்டார். பழையவர் ஒருநாளும் செய்யாத வேலை. மொத்தம் ஆறு ஆலைகள். ஒன்று இடியால் எரிந்தது. ஒன்றில் கொதிகலன் வெடித்திருந்தது. ஒன்றில் மின்கசிவு, ஒன்றில் பஞ்சு தானாகச் சூடேறிப் பற்றியது, ஒன்றில் யாரோ ஒரு மேலதிகாரியின் சுருட்டு. இன்னொன்றில் எலி விளக்கைத் தட்டிவிட்டிருந்தது. ஆறிலும் வாசலுக்குக் கதவு இல்லை.

ஆசிரியர் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் பரிமாற்ற அலுவலகத்துக்குச் சொன்னார். அங்கிருந்து ஓர் அம்மாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பொண்ணுங்க நம்பி வர்ற வீடு. வேணும்னே தப்பா சொல்லியிருக்கீங்க. கண்காட்சி அன்னிக்கு எது உண்மைன்னு சொல்லுங்க. இல்லேன்னா இந்தப் பொண்ணை வேற வீட்டுக்கு மாத்தணும். இனிமே யாரையும் அனுப்பவும் மாட்டோம்."

அவர் போனதும் அத்தை, "மாத்தினா மாத்தட்டும், ஒரு தட்டு கழுவுற வேலை மிச்சம்" என்றார். பிறகு என் அறைக்குப் போய், காலையில் மாற்றிய விரிப்பையே உருவிவிட்டு வேறு விரித்தார். எனக்கு அழுகை வந்தது. அந்த அறையை விட்டுப் போக எனக்கு மனசில்லை. அத்தையை அந்த அறையோடு தனியாக விட அதைவிட மனசில்லை.

கண்காட்சிக்கு ஊரே வந்திருந்தது, அலுவலக அம்மாளும்தான். ஆசிரியர் மேசைக்கு அருகே அத்தையை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "சொல்லுங்கம்மா. இதுல எது நிஜம்?"

அத்தை வாய் திறக்குமுன் கூட்டத்திலிருந்து ஜோடியம்மா சொன்னார். "இடிதான்."

"ஆமா, இடி. நானே பாத்தேன்" என்றார் மளிகைக் கடைக்காரர். ஆலை எரிந்தபோது அவர் பிறந்திருக்கவே மாட்டார்.

பின்வரிசையில் ஒருவருக்கு எந்த வருஷத்துக் காரணம் என்பது குழம்பிவிட்டது போலிருக்கிறது. "கொதிகலன்யா! சத்தம் கேட்டு எங்க வீட்டுக் கண்ணாடியே உடைஞ்சுது" என்று எழுந்தார். முடிவெட்டுபவர் எலியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் சத்தம் போட்டுச் சண்டையே வந்துவிட்டது. பழைய ஆசிரியரும் எழுந்து, தாம் முழு மதிப்பெண் போட்டவை எல்லாமே சரி என்று ஒரு போடு போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருஷமும் ஊர் முழுக்கச் சேர்ந்து அத்தைக்காகப் பொய் சொல்லியிருக்கிறது, என்ன பொய் என்று முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளாமலே.

அத்தைக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. முகம் அப்படியே மாறிப்போயிற்று.

"போதும், நிறுத்துங்க" என்றார். "எங்க அப்பாதான் ஆலைக்கு வாட்ச்மேன். ஷிப்டு தொடங்கினா வெளிக்கதவைப் பூட்டணும்னு உத்தரவு. பூட்டினார். அன்னிக்கு மத்தியானம் எனக்குக் காய்ச்சல்னு பாக்க வீட்டுக்கு வந்துட்டார். சாவி அவர் பையில இருந்துச்சு. தீ எதுனால பிடிச்சதுன்னு எனக்குத் தெரியாது. உள்ள இருந்தவங்க எதுனால செத்தாங்கன்னு தெரியும்."

அலுவலக அம்மாள் கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பொண்ணு உங்க வீட்லயே இருக்கட்டும்மா" என்றார். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன், ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. அத்தை காதில் அது விழவேயில்லை. அவர் ஜோடியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அம்மாவும் உள்ள இருந்தாங்க" என்றார் அத்தை.

"தெரியும்." ஜோடியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "உங்க அப்பாவைப் போகச் சொன்னதே எங்க அம்மாதான். 'புள்ளைக்குக் காய்ச்சல்னா போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே, நாங்க எங்க ஓடிடப் போறோம்'னு சொல்லி அனுப்பியிருக்கா. தப்பிச்சு வந்த எங்க சித்தி சொன்னா."

அத்தை மேசையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷம் எதிர்ல நின்னுக்கிட்டு இதை ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீ இடின்னு சொன்னே" என்றார் ஜோடியம்மா. "உனக்கு அதுதான் வேணும்போல இருந்துச்சு. நானும் இடின்னேன்."