கட்டத்துக்குள் மச்சான்

அவரை எல்லாரும் சதுரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினால் முதலில் அதை நிமிர்த்திவிட்டுத்தான் அழுகிறவர் கையைப் பிடிப்பார். அவர் மனைவியோ செருப்பைக் கழற்றுவதில்லை, உதறுவாள். ஒன்று கதவோரம் விழும், இன்னொன்று மாடிப்படியில் ஏறும்.

இப்படிப்பட்ட ஆளுக்குத் தோதான வேலை உலகத்தில் ஒன்றிரண்டுதான் இருக்க முடியும். அதில் ஒன்று அவருக்கு வாய்த்திருந்தது. டிரம்ஸ் வாசிக்கிறவர்களும் மனிதர்கள்தானே, கொஞ்சம் முந்துவார்கள், கொஞ்சம் பிந்துவார்கள். பதிவு செய்ததைக் கம்ப்யூட்டரில் திறந்தால், தாளத்துக்கான கோடுகள் கட்டம் கட்டமாக நிற்கும். வாசித்த அடிகளோ கோட்டுக்கு முன்னும் பின்னும் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு அடியையும் வெட்டி, இழுத்து, அதனதன் கோட்டில் உட்கார வைப்பதுதான் சதுரத்தின் பிழைப்பு. பின்னறைச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து மாட்டி, அதற்குள் உட்கார்ந்து நாளெல்லாம் நறுக்கிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு கெட்ட பழக்கம். காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்த்தே வேலையை முடித்துவிடுவார். அடி கோட்டில் உட்கார்ந்துவிட்டதா, அதோடு சரி.

அவருக்கு வாய்த்த பெரிய சோதனை, மனைவியின் அண்ணன். மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வாரம் முழுக்க அடுத்தவர்களைப் பார்த்து "மெதுவா, மெதுவா" என்று கத்துவார். ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் அவருக்கே பிரேக் பிடிக்காது. பாட்டு குஷியானால் பறப்பார். கஷ்டமான இடம் வந்தால், பள்ளத்தைப் பார்த்த வண்டி மாதிரி தயங்குவார். ஆனால் "கடிகாரம் தப்பும், நான் தப்ப மாட்டேன்" என்று பேச்சு.

முன்பு ஒரு குழுவில் யாரோ வாய்தவறி, "கொஞ்சம் ஓடுறீங்களோ?" என்று கேட்டுவிட்டார். மச்சான் டிரம்ஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, மாதக்கணக்கில் யாருக்கும் முகம் கொடுக்காமல் சுருண்டு கிடந்தார். அந்த முகம் தங்கையின் மனதிலிருந்து இன்றும் போகவில்லை. கல்யாணமான புதிதில் அவள் கணவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏங்க, எங்க அண்ணன் வாசிக்கிறத நீங்க வெட்டி ஒட்டுறது அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு."

அன்றிலிருந்து மச்சானின் பாட்டுகள் எல்லாம் பின்னறையில் ரகசிய ஆபரேஷன் முடிந்துதான் வெளியே போயின. மச்சான் கேட்டுவிட்டு மார்தட்டுவார்: "பார்த்தீங்களா மாப்ளே, கல்லு மாதிரி நிக்குது!" சதுரம் தலையை ஆட்டிவைப்பார்: "கல்லேதான் மச்சான்."

இந்த முறை வந்தது மச்சான் குழுவின் சொந்தப் பாட்டு. பின்னறையில்தான் பதிவு. அதில் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும் கோரஸ் பகுதியைத் திறந்து பார்த்தபோது சதுரத்துக்குத் தலை சுற்றியது. ஒரு அடிகூடக் கோட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தேடித் துழாவியதில், ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாலு அடி உருப்படியாக விழுந்திருந்தது. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அந்த நல்ல துண்டை வெட்டி, கோரஸ் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒட்டினார். சத்தம் அறை நிறைய அதிரட்டும் என்று, சமையலறைப் பக்கச் சுவரோரம் வைத்திருந்த தூரத்து மைக்கையும் நன்றாக ஏற்றிவிட்டார். திரையில் எல்லாம் வரிசையாக நின்றன. கண்குளிரப் பார்த்தார், கேட்காமலே மச்சானின் போனுக்கு அனுப்பினார்.

உடனே போன் வந்தது. "மாப்ளே, கிளாஸ்ல இருக்கேன். தனியா கேட்க மாட்டேன். சாயங்காலம் எங்க குழுப் பாடகரையும் கூட்டிட்டு வரேன், உங்க பெரிய ஸ்பீக்கர்ல போடுவோம்... யம்மா, பிரேக்க மிதிம்மா, பிரேக்கு!"

மனைவி காபியோடு உள்ளே வந்தாள். அவளுக்குப் போட்டுக் காட்டலாமே என்று பாட்டை ஓடவிட்டார். கோரஸ் வந்தது. டிரம்ஸுக்கு நடுவில், கணீரென்று ஒரு பெண்குரல்.

"தாளமே வராது."

டம், டம்.

"தாளமே வராது."

இம்மி பிசகாமல் கோட்டின் மேல்.

"யாருங்க இது?" என்றாள் மனைவி.

"நீதான்."

அவளுக்கு நினைவு வந்தது. பதிவு நடந்த அன்று சமையலறையில் நின்று போனில் அக்காவிடம், "அண்ணனுக்குத் தாளமே வராதுக்கா, இவருதான் உக்காந்து வெட்டி ஒட்டுறாரு" என்று புலம்பியிருந்தாள். முன்னும் பின்னும் வெட்டில் போய், நடுத்துண்டு மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது.

"அவ்ளோ சத்தமாவா பேசினேன்?"

"உங்க அண்ணன் டிரம்ஸையே மீறிப் பேசியிருக்க."

"சரி, என் பேச்ச எதுக்கு நீங்க தாளத்துல உக்கார வச்சீங்க?"

"எல்லா மைக்கையும் சேர்த்துத்தான் வெட்டணும். இல்லன்னா சத்தம் ரெண்டு ரெண்டா கேட்கும்."

"ஆமா, இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்!" என்றவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?"

சதுரம் வியர்க்க விறுவிறுக்க, அந்தக் குரல் இல்லாமல் அதே பாட்டை மறுபடி தயார் செய்தார். ஆனால் மச்சான் பாடகரோடு வந்ததும் வராததுமாகத் தன் போனையே ஸ்பீக்கரில் இணைத்துவிட்டார்.

"மச்சான், புதுசா ஒண்ணு பண்ணியிருக்கேன், இதவிட நல்லாருக்கும்..."

"நல்லதுக்கு மேல என்ன மாப்ளே நல்லது? உக்காருங்க."

பாட்டு ஓடியது. மச்சான் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே கேட்டார். கோரஸ் வந்ததும் பாடகர், "அட, பிரமாதம்! யாரு பாடினது?" என்று குதித்தார். மச்சானின் கை நின்றது. பாட்டை நிறுத்தினார். அந்த இடத்தை மறுபடி போட்டார். மெல்லத் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"உன் குரலாச்சே. யாருக்கும்மா தாளம் வராது?"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். சதுரம் அவளையே பார்த்தார். அவருக்குச் சொந்தமாக வீடு வாசல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. தாளம் தப்பாதவர் என்ற பேர் ஒன்றுதான் சொத்து. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் வாய் திறந்தது.

"எனக்குத்தான் மச்சான். அவங்க அக்காகிட்ட என்னைப் பத்திப் பேசிட்டிருந்தா."

மச்சான் ஒரு நொடி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார்.

"அட, அது எனக்கு எப்பவோ தெரியுமே மாப்ளே! சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் இத்தன நாள் வாயத் திறக்கல."

பாடகர் பிடிவாதமாக நின்றதால் அந்தக் கோரஸ் அப்படியே பாட்டில் தங்கிவிட்டது. சதுரத்துக்குத் தாளம் வராது என்ற சேதி, வாரம் முடிவதற்குள் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. சித்தப்பா ஒருவர் போன் போட்டு ஆறுதல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்து நின்றார். "கவலைய விடுங்க, நான் கத்துத் தரேன்." பின்னறையில் எதிரெதிரே நாற்காலி போட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று தொடையில் தட்ட ஆரம்பித்தார். நாலு வருவதற்குள் ஐந்தாம் கியர் போட்டுவிட்டார்.

"பிந்துறீங்க மாப்ளே! பிந்துறீங்க!"

சதுரம் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் துரத்திப் பிடித்தார். கதவோரம் மனைவி நின்று பார்த்தாள். சிரிப்பை அடக்கப் போய்க் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். பாடம் முடிந்து மச்சானை வழியனுப்ப வந்த சதுரம் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். செருப்புகள் எல்லாம் கோடு போட்டதுபோல வரிசையாக இருந்தன, மாடிப்படியில் கிடக்க வேண்டிய அவளுடையதும்.