வருடம் திரும்பும் முன்பே சித்தன்னவாசல் ஏறினோம்

இந்தப் பதிவில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எங்களுக்குச் சாதகமில்லாததையும் விடமாட்டேன். நாங்கள் போய் வந்த கதை எங்கள் தெருவில் ஏற்கெனவே வேறு மாதிரி உலவிக்கொண்டிருப்பதுதான் காரணம். சித்தன்னவாசல் போக நினைப்பவர்களுக்கு வழி, நேரம், செலவு எல்லாம் இடையிடையே வரும்.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வீடு புதுக்கோட்டை டவுனில். அம்மா ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. அவர் இருந்தவரை அம்மா சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "விசில் வந்துருச்சு, அடுப்ப அமத்துங்க" என்பார் அப்பா. அவர் போன இரண்டாம் மாதம், குழாயடியில் யாரோ சொன்ன வேடிக்கைக்கு அம்மா லேசாகச் சிரித்துவிட்டார். "அதுக்குள்ள சிரிப்பு வந்துருச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அன்றோடு சரி. அதன்பிறகு சிரிப்பு வரும் இடத்திலெல்லாம் அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்கிறார். அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். செத்துப்போனது எங்கள் அப்பா. அவருக்காக நாங்கள் எந்த முகத்தோடு இருக்க வேண்டும் என்பதைக் குழாயடி ஏன் முடிவு செய்கிறது?

அம்மாவுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் சித்தன்னவாசல் மலையுச்சி. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் முதல்முறை பார்த்தாராம். அதிலிருந்து மனசு சரியில்லை என்றாலும் போவார், மனசு நன்றாக இருந்தாலும் போவார். நான் நடக்கப் பழகியதும் என்னையும் கூட்டிப்போனார். அப்பாவும் வருவார், ஆனால் ஏற மாட்டார். "நீங்க ஏறுங்க, நான் கீழேருந்து மலையப் புடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மரத்தடியில் வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருப்பார்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வருடம் திரும்பும்வரை மலைக்கோயில் ஏறக்கூடாது என்பார்கள். எட்டு மாதமாக அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன வாரம் சாப்பிடும்போது மட்டும், "இப்ப அங்க காத்து நல்லா அடிக்கும்" என்றார். அவ்வளவுதான். இன்னும் நான்கு மாதம் காத்திருக்க முடியாது என்று நான் அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

தடை எதிர்வீட்டிலிருந்து வந்தது. அங்கே இருப்பது அப்பாவின் அக்கா, என் அத்தை.

"வருசம் திரும்பாம மலை ஏறுவாளா ஒருத்தி?" என்றார்.

"அது சாமி மலை இல்ல அத்தை. பூசை கெடையாது, மணி கெடையாது, உண்டியல்கூடக் கெடையாது. தொல்லியல் துறை டிக்கெட் குடுக்குது. டிக்கெட் மலை."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நானும் வாரேன். பாத்துட்டுச் சொல்றேன்."

ஆக, ஞாயிற்றுக்கிழமை மூன்று பேராகக் கிளம்பினோம். புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர். பஸ் நிலையத்தில் அன்னவாசல் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸைக் கேட்டு ஏறுங்கள். பெண்களுக்குக் கட்டணமில்லை. நாங்கள் ஒன்றரை மணி பஸ்ஸில் ஏறி, இரண்டே கால் மணிக்குச் சித்தன்னவாசல் விலக்கில் இறங்கினோம். அத்தை கண்டக்டரையும் விடவில்லை.

"தம்பி, நாங்க போறது கோயிலா, மலையா?"

"ஆத்தா, நீங்க எறங்குற எடத்துல ரெண்டும் இல்ல. ரோடுதான் இருக்கு. மிச்சத்த நடந்து போய்த்தான் பாக்கணும்."

நடக்கும் தூரத்தில் நிழல் குறைவு, குடை அவசியம். டிக்கெட் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் வாங்கினார்கள். அத்தை அங்கே நின்று ஒரு அதிகாரி மாதிரி சோதனை செய்தார். யாரும் செருப்பைக் கழற்றவில்லை. சூடம் வாசனை இல்லை. தேங்காய்க் கடை இல்லை. ஒரு குடும்பம் படியிலேயே உட்கார்ந்து சிப்ஸ் தின்றது.

"சரி, சாமி மலை இல்லதான்" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்ப மேல என்னதான்டி இருக்கு?" என்றும் கேட்டார்.

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். படித்ததை யாராவது கேட்டுவிட்டால் எனக்கு அது முடியாது.

"படுக்கை இருக்கு அத்தை. பாறையிலயே வழவழன்னு செதுக்கி, தலைக்குத் தலையணை மாதிரியும் வச்சிருக்காங்க. சமணத் துறவிங்க தங்குன எடம். அதுல சில பேரு சாப்பாட்ட விட்டுட்டு அங்கனயே உசிர விட்டிருக்காங்கன்னு..."

அத்தை அப்படியே நின்றுவிட்டார். "துக்க வீட்டுக்காரிய, சாவு நடந்த எடத்துக்கா கூட்டியாந்திருக்க?"

"அது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி அத்தை."

"சாவுல என்னடி பழசு, புதுசு? நட வீட்டுக்கு!"

அதுவரை தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்தபடி ஓரமாக நின்ற அம்மாதான் பேசினார்.

"மதினி, சாமி இருந்தா தீட்டு, போகக் கூடாது. சாவு இருந்தா துக்கம், போகக் கூடாது. ரெண்டும் இல்லாத எடம் ஒண்ணு சொல்லுங்க, நான் அங்கிட்டுப் போறேன்."

அத்தை உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நிதானமாக யோசித்து, "ஜவுளிக்கடை" என்றார்.

அம்மா சிரித்தார். முதலில் மூக்கில் ஒரு சத்தம், பிறகு பழைய விசில். டிக்கெட் கொடுப்பவர் கூண்டிலிருந்து தலையை நீட்டினார். சிப்ஸ் தின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் கை முந்தானைக்குப் போனது. போன கை, சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டது.

"நீங்க உக்காருங்க மதினி. நான் ஏறிட்டு வாரேன்" என்று படியில் கால் வைத்துவிட்டார்.

ஏறுவதற்கு எங்களுக்கு இருபது நிமிடம் ஆனது. படி முடிந்ததும் வெறும் பாறைதான். உச்சியைத் தாண்டி மறுபக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இறங்கினால் ஏழடிப்பட்டம் என்கிற குகை. கல்படுக்கைகள் அங்கேதான். குகை கிழக்கைப் பார்த்திருப்பதால் மதியத்துக்குமேல் நல்ல நிழல். காற்று காதுக்குள் புகுந்து பேசவிடாது. கீழே வயல், பனை, கண்மாய், வெட்டவெளி. அம்மா வழக்கமாக உட்காரும் பாறை விளிம்பில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அழுதாரா என்று கேட்பீர்கள். அழுதார், கொஞ்சம். நானும்தான்.

திரும்பும்போது உச்சியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தோம். அப்பாவின் மரத்தடியில் அத்தை உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தார். "வெள்ளரிப்பிஞ்சுதான்டி! அக்காவும் தம்பியும் ஒரே மாதிரி" என்று அம்மா மறுபடி ஆரம்பித்தார். இந்தமுறை மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

"சிரிச்சது இங்கிட்டு வரைக்கும் கேக்குது" என்றார் அத்தை, நாங்கள் இறங்கியதும்.

"கேக்கட்டும் மதினி."

பஸ்ஸில் அத்தை மீதி வெள்ளரிப்பிஞ்சை என்னிடம் மட்டும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் அத்தை போனோடு எங்கள் வாசலுக்கு வந்தார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், அறந்தாங்கியில் இருக்கும் பெரியப்பா கேட்டிருந்தார்: "வருசம் திரும்பலையே, மலை ஏறுனீங்களாமே?" பஸ்ஸில் எங்களைத் தெரிந்த யாரோ பார்த்திருக்க வேண்டும். 

"தேவகி, மலைக்குக் கீழ இருக்குற பார்க்கைச் சுத்திப் பாத்துட்டு வந்தோம்னு போட்டுரு. நானும் ஆமான்னுர்றேன்" என்றார் அத்தை, குரலைத் தாழ்த்தி. எங்களுக்காகப் பொய் சொல்லத் தயாராக வந்திருந்தார். அதை நான் மறைக்கக் கூடாது.

"எதுக்கு மதினி? நான் என்ன திருடவா போனேன்?" என்ற அம்மா, எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாக டைப் செய்து, அனுப்பிவிட்டுத்தான் எங்களுக்குப் படித்துக் காட்டினார்: "ஏறினேன். நல்லா இருந்துச்சு. அடுத்த மாசமும் போவேன்."

"திமிருதான் ஒனக்கு" என்று சொல்லிவிட்டு அத்தை கேட்டைச் சத்தமாகச் சாத்திக்கொண்டு போனார். குழுவில் இதுவரை யாரும் பதில் போடவில்லை. நீலக் குறி மட்டும் வந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு: மாலை ஐந்துக்குள் இறங்கிவிடுங்கள். பிடிமானமான செருப்பு போடுங்கள், பாறை வழுக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும், மேலே எதுவும் கிடைக்காது. ஓவியம் இருக்கும் குகை தனியாக, சற்றுத் தள்ளி இருக்கிறது. எங்களுக்கு நேரமில்லை, நீங்கள் காலையிலேயே போனால் இரண்டையும் பார்க்கலாம். கல்படுக்கையைத் தொடாதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் யாராவது வாயைத் துடைத்துக்கொண்டிருந்தால், அவருக்குப் பிடித்த இடத்துக்கு இந்த வாரமே பஸ் ஏற்றுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம். சிரிப்பதால் அப்பாவை மறந்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு அப்பாவைத் தெரியாது என்று அர்த்தம்.

அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டு ஹால் லைட் விடியும்வரை எரியும். இருட்டில் அம்மாவுக்குத் தூக்கம் வராது. இப்போது மணி ஒன்பதரை. "போதும் எழுதுனது, படு" என்று சொல்லி, அம்மாவே எழுந்துபோய் லைட்டை அணைத்துவிட்டார்.