மலையைப் பார்த்துக் கட்டிய குழாய்

காலை இட்லிக்குச் சட்னி தண்ணியாக இருக்கிறது என்று மருமகளை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் வந்தது. பேசியது ரவி, எங்கள் சேர்மன் ஏகாம்பரத்தின் தம்பி மகன்.

"பெரியப்பா போய்ட்டாருங்க. நீங்க வந்து மைக்கு கட்டணும்."

"எந்த ஊரு கூட்டத்துக்குப்பா போனாரு, இவ்ளோ காலையில?" என்றேன். வாய்ப் பழக்கம். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகுதான் எனக்கு உறைத்தது. இட்லியைத் தட்டோடு வைத்துவிட்டு எழுந்தேன்.

வடக்கனந்தல் சுற்றுவட்டாரத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒன்றியத் தலைவர் பதவி போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் எல்லோருக்கும் அவர் கடைசிவரை சேர்மன்தான். நான் மைக்செட் சின்னப்பையன். எழுபத்தாறு வயதிலும் சின்னப்பையன்தான். பெயர் வைத்தவர்கள் உயிரோடு இல்லை, யாரிடம் போய் மாற்றச் சொல்வது? படத்திறப்பு அன்று என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மிஷினை விட்டு நகர முடியாது என்று தப்பித்துக்கொண்டேன். பேசாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவரோடு பழகிய உங்களுக்கு இதில் பாதி தெரியும். மீதி எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

மேடை ஏறியதும் அவர் செய்யும் முதல் வேலை, மோதிர விரலால் மைக்கை டொக் டொக்கென்று தட்டுவது. என் மைக்கின் வலை அப்படித்தான் நசுங்கிப் போனது.

"தட்டாதீங்க தலைவரே, அது ஒங்க வூட்டு கதவு இல்ல" என்பேன்.

"தேங்காயே தட்டிப் பாக்காம வாங்கமாட்டேன். உன் மைக்க நம்பச் சொல்றியாடா?" என்பார்.

அந்த 'டா'வைக் கவனியுங்கள். அவரைவிட நான் ஆறு வயதுதான் சின்னவன். அந்தக் காலத்தில் அவர் வீட்டுக்கு நான் போனால் மாட்டுக்கொட்டகை வரைக்கும்தான். நான் காலனிக்காரன், அவர் ஊர்த்தெருக்காரர். செத்தவரைத் தெய்வமாக்கி எழுத எனக்கு வராது. அவரும் எல்லோரையும் போலத்தான் இருந்தார், ஒரு நாள் வரைக்கும்.

அந்த நாளைச் சொல்வதற்கு முன் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக்செட்டோடு மரத்தில் கட்டுவோமே, தகரக் குழாய், அதுதான். எங்கள் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காலனியில் விசேஷம் என்றால் குழாயின் வாய் கல்வராயன் மலையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஊர்த்தெருவைப் பார்க்கக் கூடாது. எங்கள் சத்தம் அவர்கள் வீட்டுக்குள் போகக் கூடாதாம். எங்கள் மாரியம்மன் பாட்டு அத்தனையும் அந்த மலைக்குத்தான் மனப்பாடம். பதில் பாட்டுப் பாடாததுதான் பாக்கி.

ஒரு வருடம், ஆடி மாதம், எங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டியவன், சும்மா இருக்காமல் அதை ஊர்த்தெரு பக்கம் திருப்பி வைத்தேன். கீழே இறங்கி மைக்கைப் பிடித்தேன். "காலனி மாரியம்மன் கோயில்ல கூழு ஊத்துறோம். ஊர்த்தெரு பெரியவங்க, தாய்மாருங்க எல்லாரும் வாங்க. வெங்காயம் இருக்குது, கருவாட்டுக் கொழம்பும் இருக்குது" என்று அழைத்தேன். காலனிப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு தடவை சொன்னேன்.

மத்தியானம் வந்தார்கள். கையில் கூழுக்குச் சொம்பு இல்லை. தடியும் மண்ணெண்ணெய் டின்னும் இருந்தன. நாங்கள் எல்லோரும் கோயிலடியில் இருந்ததால் உயிர் பிழைத்தோம். பதினோரு கூரை எரிந்தது. அதில் ஒன்று என் அக்கா அஞ்சலையுடையது. கட்டிப்போட்டிருந்த ஆட்டை அவிழ்க்க உள்ளே ஓடி, இரண்டு கையையும் சுட்டுக்கொண்டாள். மரத்தில் இருந்த அந்தக் குழாயையும் பிடுங்கிக் காலால் மிதித்தார்கள்.

அக்கா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "உன் வெளையாட்டுக்கு என் வூடு போச்சுடா." அதற்குப் பிறகு மூன்று நாள் பேசவில்லை. காலனியில் வேறு சிலரும் அதையேதான் நினைத்தார்கள். நானும் அதையேதான் நினைத்தேன்.

தலைவர்கள் வந்தார்கள். பெரிய தலைவர் ஒருவர் உளுந்தூர்பேட்டை வரை வந்து, நிலைமை சரியில்லை என்று பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாராம். வந்தவர்களும் ஊர்த்தெருக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களை அங்கே வரச் சொன்னார்கள். வெளியாட்களின் சதி என்றார் ஒருவர். அண்ணன் தம்பிச் சண்டை என்றார் இன்னொருவர். அண்ணன் தம்பி என்றால் கூழுக்கு வந்திருக்கலாமே! இத்தனைக்கும் அவர்கள் பேச மைக் கட்டியது நான்தான். சுற்றுவட்டாரத்தில் வேறு மைக்செட் இல்லை. எரிந்தவனும் நானே, மைக் கட்டியவனும் நானே.

நாலாம் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் சமாதானக் கூட்டம். பேச வேண்டியவர் சேர்மன். யாரோ ஒரு அதிகாரி எழுதிக் கொடுத்த தாளை அவர் படித்து முடித்தால், இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கேஸ் அத்தோடு போயிற்று. தீ வைத்தவர்கள் வீட்டுக்குப் போவார்கள். தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது, அதாவது சின்னப்பையன் குழாயைத் திருப்பியது, என்று தாளில் ஏறிவிடும். பிறகு என் ஆயுசுக்கும் அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பது?

சேர்மன் மைக்கைத் தட்டினார். தாளைப் பிரித்தார். "இரு தரப்பிலும் ஏற்பட்ட தவறுகளால்..." என்று ஆரம்பித்தார். நான் சுவிட்சை அணைத்தேன்.

அவர் மறுபடி தட்டினார். போட்டேன். "கேக்குதா? இரு தரப்பிலும்..." அணைத்தேன். கூட்டத்தில் ஒருவன், "கரண்டு போச்சுபா" என்றான். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் சத்தம் போனதும், அவர் தாளை மடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாடா ஆச்சு உன் மிஷினுக்கு?"

"மிஷினு நல்லாத்தாங்க இருக்குது. அந்த எடம் வந்தா அதால தாங்க முடியல."

"எந்த எடம்?"

"ரெண்டு பக்கமும் தப்புன்னு வருதுங்களே, அந்த எடம். எங்க பக்கம் இன்னா தப்புங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ கொழாய திருப்பல?"

"திருப்புனேங்க. கூழு குடிக்கக் கூப்ட்டேன். அதுக்கு இது சரின்னு ஒங்களுக்குத் தோணுச்சுன்னா போய்ப் படிங்க. இந்த வாட்டி ஆஃப் பண்ணமாட்டேன்."

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த அக்காவின் கையைப் பார்த்தார். இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. பிறகு, அதே வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன் தம்பியைப் பார்த்தார். மேடை ஏறினார். இந்தத் தடவை மைக்கைத் தட்டவில்லை.

"எழுதிக் குடுத்தத படிச்சுப் பாத்தேன். வாயில நிக்கல. நேரா சொல்றேன். கூழுக்குக் கூப்ட்டாங்க. கூப்ட்டா வரணும். புடிக்கலன்னா வூட்ல இருக்கணும். மண்ணெண்ணெய எடுத்துக்கினு வர்றதுக்கு இன்னா வேல? சண்டன்னா ரெண்டு பேரு அடிச்சிக்கணும். இங்க ஒருத்தன் கொளுத்துனான், இன்னொருத்தன் எரிஞ்சான். கொளுத்துனவன் என் தெருக்காரன், என் சாதிக்காரன். அதுல ஒருத்தன் என் தம்பி மவன் ரவி. ரைஸ்மில்லு வாசல்ல நின்னு என் கண்ணால பாத்தேன். பாத்துட்டு மூணு நாளா வாய மூடிக்கினு இருந்தேன். மொத சாட்சி நானு. எழுதிக்கோங்க."

அவர் நிறுத்தவில்லை.

"கொழாய் மேல பழி போடாதீங்க. நாமதான் ஒசத்தின்னு புள்ளைங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளத்தோம். ஓட்டுக்காவ நானும் சொன்னேன். இதே சின்னப்பையன் மைக்குலதான் சொன்னேன். அன்னிக்கு இந்த மிஷினு ஆஃப் ஆயிருக்கணும்."

அவர் தம்பி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். "அண்ணே! இனிமே உன் பொணத்துக்குக்கூட நம்ம தெருவுல ஒருத்தன் வரமாட்டான்!"

"அத அப்ப பாத்துக்கலாம். ஒக்காரு" என்றார் சேர்மன், மைக்கிலேயே.

தம்பி உட்காரவில்லை. பாதிக் கூட்டம் அவர் பின்னால் போய்விட்டது. நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "மிஷின மூடிட்டு வா. காலையிலேர்ந்து வெறும் வயித்தோட நிக்கிற" என்றாள். ஒயர் எந்தப் பக்கம் சுருள்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. கண்ணீர் மறைத்தது.

பேச்சோடு நிற்கவில்லை சேர்மன். மறுநாள் காலை ஒரு மர நாற்காலியையும் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்துக்கொண்டு காலனிக்கு வந்தார். எங்கள் வேப்பமரத்தடியில் போட்டு உட்கார்ந்தார். பதினோரு வீடும் கட்டி முடிக்கிற வரைக்கும் ஒன்றியத் தலைவர் வேலை அங்கேதான் என்றார். சிபாரிசுக் கடிதமா, ரோடா, கிணறா, யாராக இருந்தாலும் காலனிக்கு நடந்து வர வேண்டும். என்னை அறிவிக்கச் சொன்னார். நசுங்கிய குழாயைத் தட்டி நிமிர்த்தி மரத்தில் கட்டினேன். "எந்தப் பக்கங்க திருப்பணும்?" என்று கேட்டேன். "அன்னிக்கு எந்தப் பக்கம் திருப்புன? அதே பக்கம்" என்றார்.

நாலு நாள் ஒரு ஈ காக்கை வரவில்லை. ஐந்தாம் நாள் ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர், குடை பிடித்துக்கொண்டு, சாம்பலை மிதித்து வந்து நின்றார். கிணற்று வேலைக்குக் கடிதம் வேண்டுமாம்.

"ஒக்காருங்க மாமா" என்றார் சேர்மன்.

"பரவால்ல மாப்ள, நிக்கிறேன்."

"நின்னா என் பேனா எழுதாது. அஞ்சல, மாமாவுக்குத் தண்ணி குடு."

அக்கா சுட்ட கையோடு சொம்பை நீட்டினாள். பெரியவர் உட்கார்ந்து, பேதி மருந்து குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "சர்க்கர கம்மியா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். சேர்மன் என்னை முறைத்துவிட்டு, திரும்பிக்கொண்டு சிரித்தார்.

ஒரு நாள் அந்த மரத்தடியில், "சின்னப்பையன், சத்தத்த கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றார்.

"தலைவரே, ஒரு டா கொறையுது. ங்க ஒண்ணு ஜாஸ்தியா வேற இருக்குது. ஒடம்பு எதனா சரியில்லைங்களா?"

"பழைய பழக்கம், வாயில வந்தாலும் வரும். வந்தா மைக்க ஆஃப் பண்ற மாதிரி என்னையும் ஆஃப் பண்ணு."

அதற்கப்புறம் அந்த 'டா' வரவில்லை.

கோர்ட்டிலும் மாற்றாமல் சொன்னார். ரவியும் இன்னும் சிலரும் உள்ளே போனார்கள். எல்லோரும் போகவில்லை. அடுத்த தேர்தலில் சொந்தத் தெருவே அவரைத் தோற்கடித்தது. தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. கச்சிராயபாளையம் டீக்கடையில் ஒரு நாள் சீண்டிப் பார்த்தேன்.

"அன்னிக்கு நான் மிஷின ஆஃப் பண்ணாம வுட்டிருந்தா, இன்னேரம் எம்எல்ஏ ஆயிருப்பீங்க."

"ஆயிருப்பேன். தெனம் உன் மைக்குல பொய் சொல்லிக்கினு இருப்பேன். சுவிட்சு தேஞ்சிப் போயிருக்கும்" என்றார். டீயை ஊதிக் குடித்துவிட்டு, "தலைவன்னா ஜனங்க பின்னாடி வர்றாங்களான்னு திரும்பிப் பாத்துக்கினே நடக்கக் கூடாது. நான் ரொம்ப நாளு அப்படித்தான் நடந்தேன்" என்றார். இதை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. டீக்கடை பெஞ்சில் சொன்னார்.

ரவி ஜெயிலிலிருந்து வந்து வெகுகாலம் பெரியப்பா வாசலை மிதிக்கவில்லை. பிறகு ஒரு நாள் மிதித்தான். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசி இரண்டு வருடம் அவரைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனது அவன்தான். என் அக்கா சாகும்வரை அவனை மன்னிக்கவில்லை. அது அவள் இஷ்டம். சுட்டது அவள் கை.

சேர்மன் சாவன்று குழாய் கட்ட மரத்தில் ஆள் ஏற்றினேன். ரவி கீழே வந்து நின்றான். அவனாகவே, "ஒண்ணு காலனி பக்கம் பாத்து கட்டுங்க. அங்க நல்லா கேக்கணும்" என்றான். காலனியிலிருந்து எல்லோரும் வந்தார்கள். தம்பி சொன்னதும் பலிக்கவில்லை, ஊர்த்தெருவிலிருந்தும் வந்தார்கள்.

படத்திறப்பு அன்று வெளியூர்த் தலைவர் ஒருவர் பேசினார். "அந்தக் கலவர நேரத்தில், இரு தரப்புக்கும் பொதுவாக, நடுநிலையோடு நின்ற..." என்றார். என் கை எனக்கு முன்னால் போய்விட்டது. சத்தம் நின்றது. அவர் பாவம், மைக்கைத் தட்டிப் பார்த்தார். முன் வரிசையில் இருந்த சேர்மன் வீட்டம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னா சின்னப்பையன், மிஷினு கெட்டுப்போச்சா?"

"கெடலம்மா. தலைவரு நடுவுலயெல்லாம் நிக்கல, எங்க வேப்பமரத்தடியில ஒக்காந்திருந்தாரு. அத பேசுறவரு சொல்லட்டும், போடுறேன்."

அழுதுகொண்டிருந்த அந்தம்மா சிரித்துவிட்டார்.

சேர்மன் தட்டித் தட்டி நசுக்கிய அந்தப் பழைய மைக் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இப்போதெல்லாம் அதை வாடகைக்கு விடுவதில்லை. வருடத்தில் ஒரு நாள், ஆடியில் எங்கள் கூழுக்கு மட்டும் எடுக்கிறேன். ஊரைப் பார்த்துக் கட்டிய குழாயில், வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் இருப்பதை நாலு தடவை சொல்கிறேன். மலைக்கு இப்போது எங்கள் பாட்டு அவ்வளவாகக் கேட்பதில்லை. அது கோபித்துக்கொண்டால், பழியைச் சேர்மன் மேல் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.