மோட்டார் நின்ற முப்பத்து நான்கு விநாடி

சென்ற ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை 11.40. வெளியே தூறல், காற்றில்லாத புழுக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய எங்கள் ஆபீஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் காது செவிடாகிவிட்டது.

அப்படித்தான் நினைத்தேன். ஹெட்போனைக் கழற்றினேன், ஏ.சி. ஓடும் சத்தம் கேட்டது. மாட்டினேன், ஒன்றுமில்லை. ஒயரை ஆட்டிப் பார்த்தேன். பயத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். என் சூப்பர்வைசர் மாலதி பக்கத்து மேசையிலிருந்து, "என்னாச்சு சார்? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள். பதில் சொல்வதற்குள் சத்தம் தானாகத் திரும்பி வந்தது. பின்னோக்கி ஓட்டி அளந்தேன். முப்பத்து நான்கு விநாடி சத்தமே இல்லை. ரிப்போர்ட்டில் எழுதினேன்: 'ஆடியோ டிராப், 34 விநாடி. பெரிய குறை.'

1. படம் பார்க்கும் உத்தியோகம்

கம்ப்ரஸர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது இந்த வேலை வந்தது. செல்போனிலும் டிவியிலும் ஓடும் ஆப்களுக்குப் படம் போகுமுன் யாராவது ஒருவர் முழுவதும் பார்த்து, படம் வெட்டுகிறதா, சத்தம் கரகரக்கிறதா, சப்டைட்டில் தள்ளிப்போகிறதா என்று குறை எழுத வேண்டும். ஒரு படத்துக்கு 300 ரூபாய். மூன்று வருடத்தில் 212 படம் பார்த்திருக்கிறேன். அதில் 140 சிறிய படங்கள்; பெரும்பாலும் த்ரில்லர், கொஞ்சம் விஞ்ஞானக் கதை.

எங்கள் ரிப்போர்ட்டில் கருத்துக்கு இடம் கிடையாது. ஆனால் எனக்குக் கருத்து உண்டு. காசில்லாதவர்கள் எதற்காக விண்கலம் காட்ட வேண்டும்? எஸ்டேட்டில் மூடிக் கிடக்கும் ஒரு ஷெட் எனக்குத் தெரியும். ஒரே வருடத்தில் அது ஒரு படத்தில் ஆராய்ச்சிக்கூடம், இன்னொன்றில் பிணவறை, மூன்றாவதில் செவ்வாய்க் கிரகம். மூன்றிலும் மூலையில் அதே கை டிராலி நிற்கிறது; அதன் இடது சக்கரம் மூன்றிலும் பஞ்சர். கொலைகாரன் யாரென்று பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் படத்தில் மொத்தமே நான்கு பேர். வேற்றுக்கிரகவாசி வந்தால் ஒரு நீல பல்பு எரியும். ஆள் வரமாட்டான், அவனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

செவ்வாய்க்கிழமை பார்த்ததும் இந்த ரகம்தான் என்று எண்ணியிருந்தேன். ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் தண்ணீர் கேன் பிளான்ட் வைத்திருக்கும் சேகர் என்பவர் எடுத்த படம். 78 நிமிடம். நடிப்பவர்கள் இரண்டே பேர்: அவரும் அவர் மனைவியும். இடம் அந்த பிளான்ட்டேதான். நான் எழுதிய குறைகள் மொத்தம் 23. முதல் குறை முதல் நிமிடத்திலேயே: 'பின்னணியில் மோட்டார் ஹம் (உறுமல்), தொடர்ச்சியாக.' கடைசிக் குறைகளில் ஒன்று: 'சிலையாக நிற்க வேண்டிய பெண்ணின் கட்டைவிரல் நடுங்குகிறது.'

பெரிய குறை இருந்தால் படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. சின்னப் படங்களுக்கு மாலதி அப்படிச் செய்வதில்லை.

"திருப்பி அனுப்பினா இன்னொரு தடவ ஸ்டுடியோ வாடகை கட்டணும் சார். பாவம், எங்க போவாங்க? நாமளே சரி பண்ணி ஏத்திடலாம்" என்பாள். நல்ல மனசு. மதுரைப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டரில் கை வேகம். ஃபில்டர் போட்டு மோட்டார் சத்தம் முழுவதையும் துடைத்தாள். சத்தமில்லாத முப்பத்து நான்கு விநாடியில், வேறொரு காட்சியிலிருந்து எடுத்த ரூம் டோனை, அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் சத்தத்தை, ஒட்டினாள். சரிபார்க்கச் சொல்லி சேகருக்கு லிங்க் அனுப்பினாள். ஆப்பிலும் ஏற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ரிலீஸ்.

2. வெள்ளிக்கிழமை

கேன் போடும் அவசரத்தில் சேகர் வெள்ளிக்கிழமை மதியம்தான் அந்த லிங்க்கைத் திறந்திருக்கிறார். இரண்டேகால் மணிக்கு எங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். பனியன் நனைந்திருந்தது.

"இன்னா மேடம் இது? எம் படத்துல மோட்டாரு எங்க?"

"அந்த ஹம் நாய்ஸா சார்? க்ளீன் பண்ணிட்டோம். இப்ப எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க."

"நீட்டா கீதா? மோட்டாருதாம்மா எம் படத்துல ஹீரோ! அத்த தொடச்சி கெடாசிட்டு நீட்டா கீதுன்றியே. யாரு அத்த குறைன்னு எழுதுனது?"

மாலதி என்னைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"நைனா, நீயா?"

"தம்பி, கோபப்படாதீங்க. மொத நிமிஷத்துலேர்ந்து விடாம ஹம் வருது. எங்க புக்குல அது குறைன்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

"அந்த புக்கு எழுதுனவன் கேன் பிளான்ட்டுக்கு வந்துகீறானா?"

"சரி, அப்புறம் முப்பத்து நாலு செகண்டு சத்தமே இல்லையே, அது என்ன?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் போய், சொல்லிக் கொடுக்கும் குரல் வந்துவிட்டது. "மோட்டாரு ஓடுற வரிக்கும்தான் ஒலகத்துல டைம் ஓடும் நைனா. அதான் கதை. அது நின்னா டைம் நின்னுபூடும். ஒரு மணி நேரம் அந்த சத்தத்த கேட்டுகினே கீற. கேக்குறேன்னே ஒனக்குத் தெரியாது. டப்புனு நின்னா, ஜனம் இன்னா பண்ணும்?"

மேசைமேல் கிடந்த ஹெட்போனைப் பார்த்தேன்.

"சொல்லு நைனா. இன்னா பண்ணும்?"

"எழுந்து நிற்கும்" என்றேன்.

மாலதி வாயைப் பொத்திக்கொண்டு, "சார் நின்னாரு" என்றாள்.

78 நிமிடம் பார்த்து, 23 குறை எழுதி, கதை என்னவென்று தெரியாமல் இருந்திருக்கிறேன். அதைவிட அதிர்ச்சி, அந்தப் படம் தான் செய்ய நினைத்ததை என் மீது அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறது. அதைத்தான் பெரிய குறை என்று எழுதியிருக்கிறேன்.

"ஆறு மணிக்கு எங்க தெருவே பாக்க வருது" என்றார் சேகர். "பிளான்ட்டுல பெரிய டிவி கட்டிவச்சிகீறேன். எம் பொண்டாட்டி அந்த சீனுக்கு இருவது லிட்டரு கேனை தூக்கிகினு ஆடாம நின்னா. ஒம்பது டேக்கு. தோளு எறங்கி ரெண்டு வாரம் கட்டு போட்டுகினு இருந்தா. இப்ப பாத்தா, டைம் நின்னுபோன எடத்துல பின்னால காக்கா கத்துது!"

மாலதி ஒட்டிய ரூம் டோனில் காக்கை இருந்திருக்கிறது.

"கட்டைவிரல் கொஞ்சம் ஆடுது..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ தூக்கிப் பாரு நைனா" என்றார்.

ஏற்றிய படத்தை மாற்ற வேண்டுமானால் நான்கு மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஆப்காரர்கள் மறு டெலிவரி கட்டணம் வாங்குவார்கள்: பத்தாயிரம், அதன் மேல் ஜி.எஸ்.டி. மாலதி மேனேஜருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல்: "ரிப்போர்ட்டுல யார் கையெழுத்து? பெரியவரா? தப்பு தன்னோடதுன்னு அவர் ஒத்துக்கிட்டா அவர் கணக்குல போடு. இல்லன்னா படம் இருக்கிறபடி போகட்டும்."

நான் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. விதிப் புத்தகம் என் பக்கம் இருந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது. "நான் இன்னொரு தடவை முழுசா பார்க்கணும்" என்றேன். அப்போது மணி 2.34.

"சார், டைம் இல்ல சார்!" என்றாள் மாலதி.

"78 நிமிஷம். 3.52க்கு முடியும். எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கு."

பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, திருத்தாத பிரதியைப் பார்த்தேன். சேகர் என் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். மோட்டார் எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அது நின்றபோது மூச்சு நின்றது. திரையில் அந்தப் பெண் கேனோடு நிற்கிறாள். காற்றுகூட இல்லை. அசைவது ஒரு கட்டைவிரல் மட்டும். உலகமே நின்ற பிறகும் இவளுக்குள் மட்டும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்த விரல் சொன்னது. மற்ற சின்னப் படங்கள் தங்களிடம் இல்லாததைக் காட்டப் பார்த்துத் தோற்கின்றன. இவர் தன்னிடம் இருந்த ஒரே பொருளை ஓடவிட்டு, பிறகு நிறுத்தினார். அவ்வளவுதான் செலவு.

மணி 3.52. "மாலதி, ஜி.எஸ்.டி. இல்லாம முடியாதா?"

"பில் போட்டுத்தான் சார் ஆகணும்."

கையெழுத்துப் போட்டேன். சேகர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஓடினார்.

3. வரவு செலவு

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் தடவை பேனாவை மூடி வைத்துப் படத்தைப் பாருங்கள். இரண்டாவது தடவை குறை எழுதுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். இரண்டு தடவை பார்த்தாலும் சம்பளம் 300தான், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

5.50க்கு மாலதி போன் செய்தாள்: சரியான பிரதி ஏறிவிட்டது. ஆறு மணிக்கு வீட்டில் நானும் என் மனைவியும் உட்கார்ந்தோம். அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. முதலில் "என்னங்க, டிவி உறுமுது" என்றாள். பேசாமல் பார் என்றேன். பிறகு அதை மறந்துவிட்டாள். மோட்டார் நின்றது. ஐந்து விநாடி போயிருக்காது, "ஐயோ, டிவி போச்சுங்க!" என்று அலறி எழுந்து ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். அதே பலகையில் இருந்த வைஃபை பெட்டியும் ஒயரோடு இழுபட்டுத் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

மறு டெலிவரி 10,000. ஜி.எஸ்.டி. 1,800. புது வைஃபை பெட்டி 1,350. ஆக மொத்தம் ரூ. 13,150.