காசியண்ணை வாசித்த பக்கம்

நான் எழுத வந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன். தாள் என்னைத் திரும்பிப் பார்க்காது என்பதால் துணிகிறேன்.

வாசிக்கத் தெரியாத ஒரு மனிதரை, வாசிக்கத் தெரியும் என்று நம்பவைத்து அனுப்பினேன். தெரிந்தே செய்தேன்!

அவர் பெயர் காசிப்பிள்ளை. நிலாவெளியில் கரைவலை இழுப்பவர். தோள்மூட்டு ஒருமுறை விலகியதிலிருந்து வலது கை மேலே எழாது. துறைமுகத்தில் வாசல் காவலுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டார். கயிறு இழுக்கத் தேவையில்லாத வேலை. ஆனால் வருகிறவர்களின் சீட்டை வாசித்துப் பார்த்து உள்ளே விடவேண்டும். அதற்காகவே, ஊரில் பெரியவர்களுக்கு நான் எழுத்துப் படிப்பித்த மாலை வகுப்புக்கு வந்தார்.

வகுப்பு என்றால், கரையில் வலைகள் குவிந்து கிடக்கும் வாடிக் கொட்டிலில் ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். வளர்ந்த மனிதர்களை அதட்டிப் படிப்பிக்க எனக்கு வரவில்லை. ஒருநாள் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வலை இழுக்கும்போது ஒருவர் முன்பாட, மற்றவர்கள் பின்பாடும் அம்பாப் பாட்டு இருக்கிறதே... அந்த மெட்டிலேயே பாடப்புத்தகத்தின் பக்கத்தைப் பாடத் தொடங்கினார்கள்.

“கடலில் படகு!” என்று காசியண்ணை எடுப்பார். “படகில் வலை!” என்று மற்றவர்கள் இழுப்பார்கள். “வலையில் மீன்!” விரல்கள் வரிக்கு வரி நகரும். வாடியே அதிரும்! நான் மகிழ்ந்தேன். என்னைப் போன்றவனுக்கும் படிப்பிக்க வருகிறது என்று எண்ணினேன்.

அப்போதுதான் முதியோர் வகுப்பு எடுக்கும் எங்களுக்கு நகரத்துப் பாடசாலை ஒன்றில் சனிக்கிழமைப் பயிற்சி தொடங்கியது. மற்றவர்கள் எல்லாரும் பகல் பாடசாலை ஆசிரியர்கள். நான் கடைசிக் கதிரையில் சுவரோடு ஒட்டி இருப்பேன். பயிற்சி ஐயா நல்லவர். முதல் நாளே சொன்னார்: “பக்கத்தை மூடுங்கோ. அதிலயிருந்து ஒரு சொல்லை மட்டும் தனியா எழுதிக் காட்டுங்கோ. அதைச் சொன்னால்தான் அது வாசிப்பு. மற்றதெல்லாம் மனப்பாடம் பண்ணினது.”

அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை கரும்பலகையில் ‘வலை’ என்று மட்டும் எழுதினேன். காசியண்ணை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல, “கடலில் படகு... படகில்...” என்று தொடங்கி, “வலை!” என்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். ‘மீன்’ என்று எழுதினேன். மறுபடியும் கடலில் படகு... படகில் வலை... ஒவ்வொரு தடவையும் அதே ‘வலை’யில்தான் வந்து நின்றார்.

“தனியா நிண்டால் கண்ணுக்குப் பிடிபடுதில்லை, மாஸ்டர்.”

“போகப் போகச் சரிவரும், அண்ணை” என்றேன்.

அந்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்கியிருக்கலாமே! அ, ஆ என்று மறுபடி ஆரம்பித்திருக்கலாமே! ஏன் செய்யவில்லை? பாட்டை நிறுத்தினால் வகுப்பு கலைந்துவிடும் என்ற பயமா? என் படிப்பித்தல் பிழை என்று பயிற்சியில் எழுந்து சொல்ல நேரும் என்ற வெட்கமா? இரண்டும்தான்... வெட்கமே பெரிது.

பயிற்சியின் கடைசி நாள், ஒவ்வொருவரும் தம் மாணவர்களோடு ஒரு பாடம் நடத்திக் காட்டவேண்டும். காசியண்ணையும் இன்னும் மூன்று பேரும் என்னோடு பஸ் ஏறினார்கள். மண்டபத்தில் அவர் அம்பா எடுத்தார். பின்வரிசை ஆசிரியர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். பயிற்சி ஐயா கை தட்டினார்! பிறகு என்னிடம் திரும்பி, “தனிச்சொல் குடுத்துப் பாத்தனீங்களோ?” என்று கேட்டார்.

எத்தனை கண்கள்! காசியண்ணை என் பக்கத்திலேயே நின்றார்.

“ஓம் ஐயா. எல்லாம் வாசிக்கிறார்.”

நான் சொன்னது ஐயாவுக்கு. நம்பியவர் காசியண்ணை. அவர் நெஞ்சு நிமிர்ந்ததை நான் கண்டேன். தன் கண்ணுக்குப் பிடிபடாததையும் மாஸ்டரின் வாய் சரியாக்கிவிட்டது என்று எண்ணினாரோ...

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே பகிடி. “காசியண்ணை, இனிக் கப்பல்காரனும் உன்னட்டை சலாம் போட்டுத்தான் உள்ள வருவான்!” என்றான் ஒருவன். “சரி, அந்தக் கடைப் பெயர்ப்பலகையில என்ன எழுதிக் கிடக்கு? வாசி பாப்பம்!”

“ஓடுற பஸ்ஸில ஆருக்கடா வாசிக்க ஏலும்? பேயா!” என்று காசியண்ணை சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இறங்கியதும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“திங்கட்கிழமைதான் துறைமுகத்தில ஆள் எடுக்கினம். நீங்கள் சொல்லாட்டி நான் போயிருக்கமாட்டன், மாஸ்டர். அங்க வாசிக்கத் தருவினம்... வாசிச்சுப்போடுவன் என்ன?”

இதோ, கேட்டுவிட்டார்! ஒரு சொல் போதும். ‘வேண்டாம் அண்ணை, இன்னும் கொஞ்ச நாள் படிப்போம்.’ சொல்ல வாயெடுத்தேன். அவர் மனைவி வீட்டில் வெள்ளைச் சட்டை தோய்த்துக் காயப்போட்டிருக்கிறார் என்றும் அவரே சொன்னார்... நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்!

அதன் பிறகு எத்தனையோ வகுப்புகள் எடுத்துவிட்டேன். பாட்டாக ஒருநாளும் படிப்பித்ததில்லை. தனிச்சொல் எழுதிக் காட்டாமல் ஒரு பக்கமும் திருப்பியதில்லை. நல்ல மாஸ்டர் என்கிறார்கள். அது அவருக்கு என்ன செய்யும்? அவரிடம் சொல்லலாம் என்று பலமுறை கரை வரை போனேன். கால் மணலில் புதையும், திரும்பிவிடுவேன். இப்போது அவர் இல்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்ன செய்ய முடியும்... ஒன்றும் முடியாது.

அந்தத் திங்கட்கிழமை காசியண்ணை வெள்ளைச் சட்டையோடு முதல் பஸ்ஸில் போனார். மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி வாடிக் கம்பில் தொங்கவிட்டுவிட்டு, இடது கையால் கயிற்றைப் பிடித்தார். அன்று அம்பாவை வேறொருவர் எடுத்தார்.